சந்தனமாரி சொல்லாத பெயர்

சந்தனமாரிக்குப் பேச்சு நின்று பதினெட்டு நாள் ஆகியிருந்தது. அன்று பிற்பகல் அவள் வீட்டின் பின்கட்டில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அதே நேரத்தில் ஒரு கிலோமீட்டர் தள்ளி, ஊராட்சிக் கூடத்தில், இருநூறு பேர் முன்னால் கணீரென்று பேசிக்கொண்டும் இருந்தாள்.

பயந்துவிடாதீர்கள் கண்ணுகளா, இது பேய்க்கதை இல்லை. பேய் என்றால் வேப்பிலை அடித்து ஓட்டிவிடலாம். இது ஓர் இயந்திரத்தின் கதை, அதற்கு வேப்பிலை செல்லாது. காலத்தை இன்னும் ஒரு பத்துப் பதினைந்து வருஷம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். ஊர் தூத்துக்குடிக் கடற்கரைப் பக்கம், சிப்பிவிளை. சுற்றிலும் உப்பளம். காலையில் வெயில் ஏறினால் ஊரே கண்ணாடி போலக் கண்ணைக் குத்தும். நிலத்தடியில் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர். ஒரே ஓர் இடத்தில் மட்டும், என்ன புண்ணியமோ, இனிப்பான தண்ணீர் ஊறுகிறது. அதற்கு நல்லதண்ணி ஊருணி என்று பெயர். அளத்தில் வேலை முடிந்து வரும் பெண்கள், உப்பு தின்று வெடித்த பாதங்களை அதன் கரையில்தான் கழுவிக்கொள்வார்கள். குடத்தில் எடுத்துப் போவதும் அதே தண்ணீர்தான்.

சந்தனமாரியும் அப்படிக் கால் கழுவியவள்தான். இருபது வருஷம் அளத்தில் உப்பு வாரினாள். இந்தப் பாத்தியிலிருந்து கூப்பிட்டால் பத்துப் பாத்தி தாண்டி ஆள் திரும்பிப் பார்க்கும், அப்படி ஒரு குரல். வீட்டுக்கு வந்தால் மட்டும் அந்தக் குரல் எங்கே போகுமோ தெரியாது. புருஷன் தவசிலிங்கம் பத்து வருஷம் ஊராட்சித் தலைவராக இருந்தவர். நல்ல வெள்ளை வேட்டி, மெல்லிய பேச்சு. தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்ட வருஷம், அவர் மனைவியை நிறுத்தினார். தேர்தல் தட்டியில் அவள் படம் உள்ளங்கை அளவு, அவர் படம் ஆள் உயரம். ஜெயித்தது யார் என்று ஊரில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

முதல் வருஷம் யார் என்ன கேட்டாலும் அவளிடம் ஒரே பதில்தான்.

"வீட்டுல கேட்டுச் சொல்லுதேன்."

குழாய் உடைந்தாலும் அதுதான், குழந்தை பிறந்த சான்றிதழுக்கும் அதுதான். கையெழுத்து அவளுடையது, நாற்காலி அவருடையது. நாடு முழுக்க இப்படித்தான் நடக்கிறது என்று அரசாங்கத்துக்கும் தெரியும். ஆகவே ஒரு சட்டம் வந்தது. இனித் தலைவரின் கையெழுத்து செல்லாது, குரல்தான் முத்திரை. தீர்மானத்தைத் தலைவரே தன் வாயால் சபையில் படிக்க வேண்டும். குரல்பெட்டி என்று ஒன்றைக் கூடத்தில் வைத்துவிட்டார்கள். அது கேட்கும், பதிந்து வைத்த குரலோடு ஒப்பிடும். சரியென்றால் பச்சை விளக்கு, இல்லையென்றால் சிவப்பு. பெட்டிக்கு மாமன் மச்சான் கிடையாது.

குரலைப் பதியச் சந்தனமாரி போன நாளை ஊரில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். பதிய வந்த அலுவலர் பரிதா, காயல்பட்டினத்துப் பெண், முப்பது வயது இருக்கும். துணைக்குப் போனவள் பொன்னுக்கனி. மூன்றாம் வார்டு உறுப்பினர், இன்னமும் அளத்தில் உப்பு வாருகிறவள். அவள் நாக்கும் உப்புத் தடவியதுதான்.

பெட்டி கேட்டது: "கணவர் பெயர்?"

சந்தனமாரி தரையைப் பார்த்தாள். பிறகு சன்னல் வழியே தெரிந்த கோபுரத்தைக் கையால் காட்டினாள்.

"கோயில் பேரா?" என்றாள் பரிதா.

"பாதிதான் கோயிலு. மீதிப் பாதி ஆடி மாசத்துல வரும்" என்றாள் சந்தனமாரி, முகம் சிவந்து.

"என்னம்மா இது, விடுகதையா? வாயால சொல்லுங்க."

பொன்னுக்கனி சிரித்துக்கொண்டே முன்னால் வந்தாள். "மேடம், எங்க மைனி அண்ணாச்சி பேரச் சொல்ல மாட்டாவ. செத்தாலும் சொல்ல மாட்டாவ. ஆடித்தவசுன்னு ஊரே சொல்லும், இவ 'ஆடித் திருநா'ம்பா. சோமலிங்க சாமிய 'மேலக்கோயில் சாமி'ம்பா. புருஷன் பேரச் சொன்னா அவுகளுக்கு ஆயுசு குறையுமாம்."

"இந்தக் காலத்திலயுமா?" பரிதாவுக்குக் கோபம் வந்தது. அவள் இதையெல்லாம் எதிர்த்துக் கல்லூரியில் மேடையேறிப் பேசியவள். "எங்க உம்மாவும் இப்படித்தான். 'உங்க வாப்பா, உங்க வாப்பா'ன்னே காலத்த ஓட்டிட்டாங்க." பெருமூச்சு விட்டு அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டுவிட்டாள். பெட்டியும் அதைப் பொறுத்துக்கொண்டது.

சட்டம் கொண்டுவந்தவர்கள் எதிர்பார்க்காத ஒன்று பிறகு நடந்தது. வாய்விட்டுப் படிக்கிறவளுக்குத் தான் படிப்பது காதில் விழும் அல்லவா? கையெழுத்துப் போட்ட காலத்தில் தாளைத் திருப்பினால் முடிந்தது. இப்போது ஒவ்வொரு சொல்லும் அவள் வாய் வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. ஒருநாள் தெருவிளக்குத் தீர்மானம் படித்துக்கொண்டிருந்தவள் பாதியில் நின்றாள்.

"நாலு விளக்கும் ஏன் ஒரே தெருவுல? அளத்துக்குப் போற பாதையில ஒண்ணுகூட இல்லையே?"

தவசிலிங்கம் தொண்டையைச் செருமினார். அவள் மேலே படிக்கவில்லை. தீர்மானத்தைத் திருத்தினார்கள், இரண்டு விளக்கு அளத்துப் பாதைக்கு வந்தது. அதற்குப் பிறகு "வீட்டுல கேட்டுச் சொல்லுதேன்" என்ற பேச்சு குறைந்துகொண்டே போய், ஒருநாள் நின்றே விட்டது. தன் புருஷன் பெயர் வரும் தீர்மானங்களை மட்டும் பொன்னுக்கனியைப் படிக்கச் சொல்லிவிட்டு, கடைசியில் "சம்மதம்" என்றோ "சம்மதமில்லை" என்றோ பெட்டியிடம் சொல்லுவாள். கடைசிச் சொல் அவள் குரலில் இருந்தால் பெட்டிக்குப் போதும். சம்மதமில்லை என்று இரண்டு முறை சொன்னது இறால் பண்ணைக்கு. ஊருணியை ஒட்டிய புறம்போக்கு நிலத்தை முப்பது வருஷத்துக்குக் கேட்டார்கள். உள்ளூர்ப் பொறுப்பாளர் தவசிலிங்கம்.

"ரெண்டு மழைக்குள்ள ஊருணி உப்பாயிரும்" என்றாள் அவள். "அதுக்கப்புறம் நம்ம பிள்ளைக உப்பத்தான் குடிக்கணும். முடியாது."

வீட்டில் அவர் சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போடுகிற மனிதர் இல்லை. "நீ சொன்னாச் சரிதான்" என்று சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்.

இப்படி இருக்கும்போதுதான் அவளுக்குத் தொண்டை போனது. இருபது வருஷ உப்புத் தூசி, இரண்டு வருஷக் கூட்டம். டாக்டரம்மா குழாய் விட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "உள்ளே தடிச்சுப் போயிருக்கு. இருபத்தொரு நாள் ஒரு சத்தம் வரக்கூடாது. முணுமுணுக்கவும் கூடாது. மீறினீங்கன்னா பழைய குரல் திரும்பி வராது."

தவசிலிங்கம் அவளைத் தாங்கினார். பொய் சொல்லக்கூடாது, நிஜமாகவே தாங்கினார். கஞ்சி வைத்தார், வெந்நீர் போட்டார். நாலாம் நாள் டவுனுக்குப் போய்விட்டு வந்து அவள் போனை நீட்டினார்.

"இந்தா மாரி. நீ விரலால எழுது, இது உன் குரல்லயே பேசும். நீ பழைய போன்ல பேசுனதெல்லாம் கிடக்குல்லா, அதை வச்சுச் செஞ்சு குடுத்திருக்கான் கடைக்காரன்."

அவள் "பொன்னு, சாப்பிட்டியா" என்று எழுதினாள். போன் அவள் குரலில் கேட்டது. அதே இழுப்பு, கடைசி எழுத்தில் அதே ஏற்றம். சந்தனமாரிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கோவையில் இருக்கும் மகளோடு அன்று அரைமணி நேரம் "பேசினாள்". மகளுக்கு வித்தியாசமே தெரியவில்லை. போனை வைத்தபிறகு, பெற்ற பிள்ளைக்கே தெரியவில்லையே என்று ஏதோ ஒன்று நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ஆனாலும் சந்தோஷம்தான்.

பத்தாம் நாள், ஏதோ கோளாறு, சரிசெய்து தருகிறேன் என்று அவர் போனை வாங்கிப் போனார். பிறகு அது வீட்டுக்கு வரவில்லை. பார்க்க வந்த பெண்களை வாசலிலேயே நிறுத்தி, "ஆளப் பாத்தா பேசிருவா தாயி, டாக்டர் வேண்டாம்னுட்டாவ. குரல் தேறிட்டு, போன்ல வேணா ரெண்டு வார்த்த பேசுங்க" என்றார். அவர்களும் பேசினார்கள். தலைவிக்குக் குரல் திரும்பிவிட்டது என்று அளம் முழுக்கச் சந்தோஷம். கிராமசபை அடுத்த வெள்ளிக்குத் தள்ளிப்போய்விட்டது என்று அவர் மனைவியிடம் சொன்னார். இவளும் தலையாட்டினாள்.

இனிக் கூடத்துக்கு வருவோம்.

இந்தச் சபைக்குப் பற்றாளராக, அதாவது அரசாங்கம் அனுப்பும் சாட்சியாக, வந்திருந்தது பரிதாதான். தலைவருக்குத் தொண்டை சரியில்லை, உப்புத் தூசியில் வரக்கூடாது, வீட்டிலிருந்தே பேசுவார் என்று தவசிலிங்கம் மருத்துவச் சான்று கொடுத்தார். அப்படிப் பேசச் சட்டத்தில் இடம் இருந்தது. அவள் போனுக்கு அழைத்துப் பெட்டியில் இணைத்தார்கள். மூன்றே முக்காலுக்கு ஒலிபெருக்கியில் சந்தனமாரியின் குரல் எழுந்தது.

"நல்லதண்ணி ஊருணியை ஒட்டிய புறம்போக்கு நிலம் முழுவதையும் முப்பது ஆண்டுகளுக்கு இறால் பண்ணைக்குக் கொடுப்பது என்றும்..."

பெண்கள் பக்கம் ஒரு முனகல். பொன்னுக்கனி நம்ப முடியாமல் ஒலிபெருக்கியைப் பார்த்தாள். 'மைனியா? எங்க மைனியா?' பக்கத்தில் இருந்தவள், "எல்லாம் ஒரே குட்டையில ஊறுன மட்டைதான்" என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"...உள்ளூர்ப் பொறுப்பாளராகத் திரு. தவசிலிங்கம் அவர்களை நியமிப்பது என்றும் இச்சபை தீர்மானிக்கிறது. சம்மதம்."

பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது.

பெண்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தலை நிமிர்ந்தார்கள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. பொன்னுக்கனியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அழப்போனவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"மேடம்!" அவள் எழுந்தே விட்டாள். "இது எங்க தலைவி இல்ல."

"பெட்டி பச்சை காட்டுதேம்மா" என்றாள் பரிதா.

"பெட்டிக்கு என்ன தெரியும்? மைனி அண்ணாச்சி பேரச் சொல்லிட்டா!"

"அதனால என்ன?"

"அதனால என்னவா? நீங்கதான அன்னைக்கு அந்தக் கட்டத்தக் காலியா விட்டிய!"

தவசிலிங்கம் மெதுவாக எழுந்து சிரித்தார். "காலம் மாறிட்டும்மா. நாந்தான் சொன்னேன், இனிமே என்னயப் பேரச் சொல்லியே கூப்பிடுன்னு. சமத்துவம் வேணும், சமத்துவம் வேணும்னு கேக்கிய. ஒருத்தி துணிஞ்சு சொன்னா, அவ இல்லங்கிய. பொம்பளைக்குப் பொம்பளதான் எதிரி."

ஆண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. நியாயமாகத்தானே பட்டது! எந்த வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்று பரிதா தொண்டை கிழியப் பேசினாளோ, அதையே சாட்சியாக ஏற்கச் சொல்லுகிறார்கள். ஏற்றால் அவள் படித்த படிப்புக்கு என்ன அர்த்தம்? ஏற்காவிட்டால் ஊருணிக்கு யார் பதில் சொல்வது?

"குரல் நகல்னு ஒண்ணு இருக்கு" என்றாள் மெல்ல. "ஒருத்தர் பேசினதை நிறையக் கேட்டுக் கேட்டு, அவங்க குரல்ல எதை வேணும்னாலும் பேசும். அவங்க ஆயுசுல சொல்லாத சொல்லையும் சொல்லும். பெட்டிக்கும் மனுசருக்கும் வித்தியாசம் தெரியாது."

"எங்களுக்குத் தெரியும்" என்றாள் பொன்னுக்கனி. "அந்த மைக்க எங்கிட்ட குடுங்க. ஒரே ஒரு கேள்வி."

பரிதா தலையசைத்தாள். பொன்னுக்கனி ஒலிவாங்கியைப் பிடித்துக் குரலைத் தேனாக்கிக்கொண்டாள்.

"மைனி, நல்லாருக்கியளா?"

"நல்லா இருக்கேன் பொன்னு. தீர்மானம் என் சம்மதந்தான்" என்றது ஒலிபெருக்கி.

"சந்தோசம் மைனி. ஒண்ணுமில்ல, மேடத்துக்கு நம்ம ஊர்க் கோயிலப் பத்தித் தெரியணுமாம். மேலக்கோயில் சாமி பேரு என்ன மைனி? சங்கரன்கோயில்ல ஆடி மாசம் நடக்கே, அதுக்குப் பேரு என்ன?"

"சோமலிங்க சுவாமி. சங்கரன்கோவிலில் நடப்பது ஆடித்தவசு."

கூடம் கொல்லென்று சிரித்தது, இந்த முறை இரண்டு பக்கமும். தவசிலிங்கம் மட்டும் சிரிக்கவில்லை. அவர் முகத்தில் முதல்முறையாக ஒரு குழப்பம் தெரிந்தது. முப்பத்தைந்து வருஷம் ஒரே வீட்டில் இருந்தவர்! அவள் தன் பெயரைச் சொன்னதே இல்லை என்பது அவருக்கு நினைவே இல்லை பாருங்கள். பெயரைச் சொல்லாமல் இருப்பது சொல்லாதவளுக்குத்தான் தெரியும். சொல்லப்படாதவருக்கு அது காற்று மாதிரி, இருக்கிறது என்றே தெரியாது. டவுனில் அந்தப் போனோடு உட்கார்ந்து பதில் தட்டிக்கொண்டிருந்த கடைக்காரனிடம் தீர்மானத்தை எழுதிக் கொடுத்தபோது அது தோன்றாமலே போய்விட்டது.

பரிதா கடிகாரத்தைப் பார்த்தாள். "நான் நம்புறேன் பொன்னுக்கனி. ஆனா பெட்டி நம்பணுமே. அஞ்சு மணிக்கு முத்திரை பூட்டிடும், அப்புறம் கோர்ட்டுதான். அதுக்குள்ள தலைவரே நேர்ல வந்து, இது என் குரல் இல்லை, எடுத்தது இன்னார்னு வாயால சொன்னா மட்டும்தான் ரத்தாகும்."

"வாயாலதான? இதோ."

பொன்னுக்கனி தன் மொபெட்டை நோக்கி ஓடினாள்.

அவள் வந்து சொன்னதைக் கேட்டுச் சந்தனமாரி கீரைத் தட்டைக் கீழே வைத்தாள். அவள் கைதான் பேசியது. விரலால் தொண்டையைத் தொட்டாள், மூன்று விரலைக் காட்டினாள்.

"மூணு நாளா? என்ன மூணு நாளு?" பொன்னுக்கனிக்கு அப்போதுதான் புரிந்தது. "அப்போ குரல் தேறல? நாங்க போன்ல பேசுனதெல்லாம்... அட பாவி மனுசா!" அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். "பேசுனா என்ன ஆகும் மைனி?"

சந்தனமாரி கையை விரித்தாள். போய்விடும்.

வேலிக்கு அந்தப் பக்கம் உப்பு மேடுகள் வெயிலில் மின்னின. அந்தக் குரலுக்காக அவள் எத்தனை பாடுபட்டாள் என்று பொன்னுக்கனிக்குத் தெரியும். ஆகவே அவள் வா என்று சொல்லவில்லை. சந்தனமாரிதான் எழுந்து, முந்தானையில் கையைத் துடைத்து, செருப்பைத் தேடினாள்.

மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து வரும்போது அவள் உதட்டை அசைத்துப் பார்த்தாள். சத்தம் இல்லாமல்தான். 'த' என்று தொடங்கும்போதே நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. அவள் அம்மா சொல்லாதது, அவள் அம்மாவின் அம்மா சொல்லாதது.

நாலு நாற்பத்தைந்துக்கு அவள் கூடத்துக்குள் நுழைந்தாள். தவசிலிங்கம் எழுந்து அவளிடம் வந்தார்.

"ஏ மாரி, பேசாத. தொண்டை போயிரும். வா, வீட்டுக்குப் போவோம். எதுன்னாலும் வீட்டுல பேசிக்கிடலாம்." அந்த அக்கறையும் பொய்யில்லை, அதுதான் அதில் கஷ்டம்.

அவள் அவரைச் சுற்றிக்கொண்டு பெட்டியின் முன்னால் போய் நின்றாள். பரிதா ஒரு தாளை நீட்டினாள். "இதை மட்டும் படிங்கம்மா. கடைசியில ஒரு பேர் வரும். உங்க குரலை எடுத்தது யாருன்னு சொல்லணும். அது இல்லாம பெட்டி ஏத்துக்காது. மன்னிச்சுக்கங்க, நான் எழுதின சட்டம் இல்ல இது."

சந்தனமாரி வாயைத் திறந்தாள். வந்தது குரலே இல்லை. ஈர உப்பைப் பலகையால் வழிக்கும்போது ஒரு சத்தம் வருமே, அது.

"நான்... சந்தனமாரி. இன்று என் குரலில் வந்த தீர்மானம்... என்னுடையதல்ல. என் குரலை எடுத்தவர்..."

நின்றுவிட்டாள்.

"சொல்லு பாப்போம்" என்றார் தவசிலிங்கம், மிக மெதுவாக. அவள் சொல்லமாட்டாள் என்று இப்போது அவருக்கும் தெரிந்துவிட்டதே. "இத்தனை பேரு முன்னால உன் புருஷன் பேரச் சொல்லு."

சுவர்க் கடிகாரத்தில் முள் நகர்வது கேட்டது. வெளியே ஊருணிக் கரையில் யாரோ குடத்தை வைக்கும் சத்தம் வந்தது.

"தவசிலிங்கம்" என்றாள் சந்தனமாரி.

ஒரு கிழவி "எம்மா!" என்று நெஞ்சில் கைவைத்தாள். கூரை இடிந்து விழவில்லை. தவசிலிங்கத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை, வேர்வைதான் கொட்டியது.

பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"குரல் பொருந்தவில்லை" என்றது பெட்டி.

இதைத்தான் சொல்ல வந்தேன் கண்ணுகளா. அவள் இல்லாதபோது பேசியதற்குப் பச்சை. அவளே வந்து, குரலைப் பணயம் வைத்துப் பேசியதற்குச் சிவப்பு. தவசிலிங்கம் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். "பெட்டி பொய் சொல்லாது மேடம், சட்டம் அப்படித்தான் சொல்லுது" என்றார்.

பரிதா சட்டப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். தாள் கிழிகிற வேகம். திடீரென்று நிறுத்தினாள்.

"நாற்பத்தொண்ணாம் பிரிவு" என்றாள். "பெட்டி பழுதானாலோ, பேசுபவரை அடையாளம் காண மறுத்தாலோ, அவர் யார் என்பதைச் சபையே கைதூக்கிச் சொல்லலாம். வந்திருப்பவர்களில் பாதிக்கு மேல் தூக்கினால் சபையின் சொல்லே இறுதி. இடி மின்னல்ல பெட்டி கெட்டுப்போனா என்ன செய்யன்னு பயந்து எழுதி வச்சிருக்காங்க." அவள் நிமிர்ந்தாள். "சபையைக் கேட்கிறேன். இங்கே நிற்கிற இவங்க யாரு?"

"கையத் தூக்குங்கட்டீ!" என்றாள் பொன்னுக்கனி.

சொல்லி முடிக்குமுன் தூக்கிவிட்டார்கள். உப்பில் வெளுத்து, ரேகை தேய்ந்த கைகள். பெண்கள் பக்கம் ஒன்று பாக்கியில்லை. ஆண்கள் பக்கம் முதலில் ஒரு லாரி டிரைவர் தூக்கினார், அவர் பெண்டாட்டி இந்தப் பக்கமிருந்து முறைத்துக்கொண்டிருந்தாள். பிறகு டீக்கடைக்காரர். பிறகு வரிசையாக. பரிதா எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டாள், எண்ண வேண்டிய தேவை இல்லை.

"என்ன அண்ணாச்சி, நீங்க கை தூக்கலையா?" என்றாள் பொன்னுக்கனி. "உங்க பொண்டாட்டி யாருன்னு உங்களுக்குத் தெரியாதா?"

தவசிலிங்கம் யாரையும் பார்க்காமல் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். நாலு ஐம்பத்தெட்டுக்குத் தீர்மானம் ரத்தானது.

அவர் மேல் வழக்குப் பதிவானது, அது தனிக்கதை. வீட்டுக்கு அவர் திரும்பி வந்தார், எங்கே போவார்? நாலு நாள் பேசவில்லை. இப்போது இரண்டு பேரும் பேசாத வீடு. ஐந்தாம் நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"எல்லாரு முன்னாலயும் பேரச் சொல்லிட்டியே மாரி?"

பாருங்கள், குரலைத் திருடியது அவருக்கு உறுத்தவில்லை, இதுதான் உறுத்தியது. சந்தனமாரி ரசத்தை ஊற்றினாள். டாக்டரம்மா சொன்னது பலித்துவிட்டது. பழைய குரல் திரும்பவில்லை, வந்தது ஒரு கரகரப்பு மட்டும்தான். இனி அதுதான் அவள் குரல்.

"நல்லாத்தான் இருக்கு பேரு" என்றாள் அந்தக் குரலில். "முப்பத்தஞ்சு வருசமா வாயில போட்டுப் பாக்காம விட்டுட்டேன்."

இரண்டு மாதம் கழித்து, புதுக் குரலைப் பதிய ஒன்றிய அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். பரிதாதான் இருந்தாள். சிப்பிவிளையில் நடந்ததை அவள் மேலே எழுதியிருந்தாள், அங்கே யாரோ புத்தியுள்ளவர்கள் படித்திருந்தார்கள். பெட்டியில் இப்போது ஒரு புதுக் கேள்வி சேர்ந்திருந்தது. மாநிலம் முழுக்க எல்லாத் தலைவர்களுக்கும், ஆணோ பெண்ணோ.

"இது ரகசியம்மா, உங்களுக்கும் பெட்டிக்கும் மட்டும்தான். நீங்க எந்தக் காலத்திலயும் வாயால சொல்லமாட்டேங்கிற ஒண்ணு. அதை இதுல எழுதிருங்க. உங்க குரல் எங்கயாவது அதைச் சொல்லிச்சுன்னா, அது நீங்க இல்லைன்னு பெட்டிக்குத் தெரிஞ்சுபோகும்." பரிதா சிரித்தாள். "பழைய பேரை எழுத முடியாது. அதைத்தான் சொல்லிட்டீங்களே."

"அதான் இப்ப தினமும் கூப்பிடுதேனே" என்றாள் சந்தனமாரி. "காப்பி குடிக்க வாங்க தவசிலிங்கம்னு. ஆயுசு கூடித்தான் இருக்கு, ஆளு ஒரு சுத்து பெருத்துட்டாவ."

பொன்னுக்கனி வாசலில் நின்று சிரித்தாள். சந்தனமாரி பேனாவை வாங்கி, கொஞ்சம் யோசித்து, எழுதி, தாளை மடித்துப் பெட்டிக்குள் போட்டாள். பெட்டி பச்சை காட்டியது.

என்ன எழுதினாள் என்று பொன்னுக்கனி வழியெல்லாம் கேட்டாள். அவள் சொல்லவில்லை. ரகசியம் ரகசியம்தான். ஆனால் ஊருணிக் கரையில் கால் கழுவ இறங்கியபோது, பம்புக்காரர் ஒருவர் ஓடிவந்து, "தலைவரே, புதுக் குழாய் எந்தத் தெருவுல போடணும்? இன்னைக்கே முடிவு சொல்லணுமாம். வீட்டுல யாரையும் கேட்டுச் சொல்லணுமா?" என்றார்.

"யாரைக் கேக்கணும்?" என்றாள் சந்தனமாரி, தண்ணீரை அள்ளிக் காலில் ஊற்றிக்கொண்டே. "கீழத்தெருவுல போடுங்க."

பொன்னுக்கனி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். பெட்டிக்குள் என்ன போயிருக்கும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. உங்களுக்கும் தெரிந்திருக்கும்.